இரண்டு கப்பலில் வந்த மெஷின்

சித்தப்பாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. சந்தையில் அவர் பெயர் 'குறைச்சுக்கோ'. எதை வாங்கினாலும் சரி, பேரம் முடிந்து, விலை படிந்து, விற்பவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காகிதம் மேஜைக்கு வந்து, பேனாவையும் திறந்துவிட்ட பிறகு, மூடியை இடது கையில் பிடித்தபடி ஒரு நிமிடம் நிறுத்துவார். "கடைசியா ஒண்ணே ஒண்ணு. கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

அந்தக் கடைசி ஒன்றைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவது அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வழக்கமில்லை. கேட்காமல் போட்டால் அது ஒப்பந்தமாகாது, ஏமாந்ததற்கு ரசீது. பல் டாக்டர் குறடை உள்ளே விட்ட பிறகுகூடச் சித்தப்பா ஏதோ முனகினார். வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்தார். பக்கத்தில் நின்ற பெரியவளுக்குத்தான் தெரியும், அது வலி இல்லை.

பெரியவள் அவருடைய அண்ணன் மகள். வயது நாற்பத்து மூன்று. பல் துலக்கும் பிரஷ் செய்கிற தொழிற்சாலையை அவள்தான் நடத்துகிறாள். அவள் அப்பா முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்ததிலிருந்து வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது: வாங்குவது சித்தப்பா, வாங்கியதை வைத்துக்கொண்டு அல்லாடுவது பெரியவள்.

தொழிற்சாலையில் நூறு பிரஷ் செய்தால் தொண்ணூறு கப்பலேறிவிடும். தொண்ணூறும் ஒரே கம்பெனிக்கு. அந்தக் கம்பெனி போன வருடம் ஒரு கடிதம் போட்டது. நைலான் முடியை வெட்டினால் முனை உளி மாதிரி நிற்கிறது, ஈறைக் கிழிக்கிறது, இனிமேல் பத்து முடியில் எட்டின் முனையாவது விரல் நுனி போல மழுங்கியிருக்க வேண்டும். தொழிற்சாலையில் இருந்த பழைய மெஷின்கள் முடியை நடும், வெட்டும், மழுக்கத் தெரியாது. மழுக்குகிற மெஷின் இந்த நாட்டில் யாரும் செய்வதில்லை. வெளியிலிருந்துதான் வரவேண்டும். இருபதாம் தேதி கம்பெனியின் பரிசோதகி நேரில் வருவாள். மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்ப்பாள், பூதக்கண்ணாடி வைத்து முடி எண்ணுவாள். தேறினால் அடுத்த மூன்று வருட ஆர்டர் இங்கே. தேறாவிட்டால் அதே மெஷினை ஏற்கனவே வாங்கி வைத்திருக்கும் இன்னொரு நாட்டுக்காரனுக்கு. அப்படிப் போய்விட்டால் மிச்சமிருக்கும் பத்துப் பிரஷை வைத்துக்கொண்டு நூற்று நாற்பது பேருக்கு வேலை கொடுக்க முடியாது. ஆளுக்கு ஒரு பிரஷ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம்.

மெஷின் விற்பவனிடம் சித்தப்பா பதினோரு தடவை பேசினார். பதினோராவது தடவை அவன் போனிலேயே கொட்டாவி விட்டான். விலை படிந்தது. பேனா திறந்தது. "கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்றார் சித்தப்பா.

அந்தப் பக்கம் அவன் இன்னொரு கொட்டாவியை விட்டு முடித்தான். பிறகு அவன் சொன்னான்: முழு மெஷினையும் ஒரே பெட்டியாகக் கட்டித் தனி மரச்சட்டம் போட்டு ஏற்றுவதற்குத்தான் செலவு. இரண்டாகக் கழற்றி, எந்தக் கப்பலில் இடம் கிடைக்கிறதோ அந்தக் கப்பலில் பாதி பாதியாக அனுப்ப ஒப்புக்கொண்டால் குறைக்கிறேன்.

"கப்பல் மாறினா மெஷின் மாறிடுமா?" என்று சித்தப்பா சிரித்தார். ஒப்பந்தத்தில் 'பகுதி பகுதியாக அனுப்புதல்: கூடாது' என்று அச்சடித்திருந்த வரியில் 'கூடாது'வை அடித்து 'கூடும்' என்று எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். கீழே பெரியவள் கையெழுத்துப் போட்டாள். அச்சு ஒன்று சிக்கிக்கொண்டு மூன்றாவது மெஷின் கத்திக்கொண்டிருந்த நேரம். நின்றபடியே, அந்த மெஷினைப் பார்த்தபடியே போட்ட கையெழுத்து. பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வலது கையை ஒரு அறை அறையலாம் போலிருக்கும். அதற்கு இடது கையை நம்ப வேண்டும் என்பதால் விட்டுவிடுவாள்.

நான்காம் தேதி முதல் பெட்டி துறைமுகத்தில் இறங்கியது. ஐந்தாம் தேதி காலை இருவரும், சரக்கை எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட்டோடு சுங்க அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜென்ட்டிடம் இரண்டு போன். ஒன்று அடித்தால் மற்றதைக் காதில் வைத்து "இதோ பக்கத்துல வந்துட்டேன்" என்பான். அதிகாரி ஒல்லி. சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் மூடியோடு. "அவர் கை நீட்டிக் காசு வாங்க மாட்டார்" என்று ஏஜென்ட் வாசலிலேயே தணிந்த குரலில் எச்சரித்திருந்தான், ஒட்டுகிற வியாதியைப் பற்றிச் சொல்வதுபோல.

அதிகாரி உரிமத்தைப் படித்தார். வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்புகிறவர்கள் வரியில்லாமல் மெஷின் இறக்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் கொடுத்த உரிமம். அதற்குப் பதிலாக ஆறு வருடத்தில் இத்தனை சரக்கு ஏற்றுமதி செய்து காட்டவேண்டும்.

"முடி நட்டு முனை மழுக்கும் தானியங்கி மெஷின். எண்ணிக்கை ஒன்று. சரிதானே?"

"சரிங்க சார்" என்றாள் பெரியவள்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"மெஷின் சார்" என்றான் ஏஜென்ட்.

"எத்தனை?"

ஏஜென்ட்டின் இரண்டு போனும் அன்றைக்கென்று அடிக்கவில்லை. கடைசியில் பெரியவள்தான் சொன்னாள். "அரை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அரை மெஷின்னு என் புத்தகத்துல ஒண்ணு கிடையாதும்மா. மெஷின் இருக்கு, மெஷினோட பாகம் இருக்கு. உரிமம் மெஷினுக்கு. பாகம்னா முழு வரி. இது எது?"

"இது பின்பாதி சார். மழுக்குற பாதி. முடி நடுற முன்பாதி கடல்ல வந்துட்டிருக்கு."

"கடல்ல வர்றதுக்கு நான் எப்படி முத்திரை குத்துறது?"

சித்தப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், ஒருத்தன் ரயில்ல வர்றான். அவன் பெட்டி அடுத்த ரயில்ல வருது. அதுக்காக ஆளை ஸ்டேஷன்லயே உட்கார வைப்பீங்களா?"

"ஆள் முழுசா வந்தா விட்டுடுவேன் ஐயா. நீங்க இடுப்புக்குக் கீழ மட்டும் அனுப்பியிருக்கீங்க."

"சரி, பாகம்னே வச்சுக்குவோம். அந்த முழு வரியில கொஞ்சம்..."

பெரியவள் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். நல்ல மிதி. வெளியே வந்து செருப்பைக் கழற்றிப் பார்த்தார். "அரசாங்கம்னா மட்டும் வியாபாரம் இல்லையா? கேட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

"நீங்க கேட்டுக் கேட்டுத்தான் சித்தப்பா குறைஞ்சு போச்சு. பாதி மெஷின் குறைஞ்சு போச்சு."

அன்றிலிருந்து பத்து நாள் பெரியவள் நடந்த நடைக்கு, துறைமுகத்திலிருந்து மெஷினைத் தலையிலேயே சுமந்து வந்திருக்கலாம். உரிமம் கொடுத்த ஆபீசில் 'எண்ணிக்கை ஒன்று' என்பதற்குப் பக்கத்தில் 'இரண்டு தவணையாக' என்று இரண்டு வார்த்தை சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டாள். சேர்க்கலாமே என்றார்கள். நாற்பத்தைந்து வேலை நாள் ஆகும். அவசரமென்றால் அவசர மனு கொடுக்கலாம். அவசர மனுவை எடுத்துப் பார்க்க முப்பது நாள்.

அதிகாரி ஒரு வழி சொல்லியிருந்தார்: வரி அளவுக்கு வங்கி உத்தரவாதம் கொண்டுவந்தால் பின்பாதியை இப்போதைக்கு விடுகிறேன், முன்பாதி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். வங்கிக்குப் போனாள். மானேஜர் நல்ல மனிதர், ஏசியை அவள் பக்கம் திருப்பினார்.

"தாராளமா கொடுக்கலாம் மேடம். எதை அடமானம் வைக்கிறீங்க?"

"இந்த மெஷினைத்தான்."

"மெஷின் எங்க நிக்குது?"

"துறைமுகத்துல."

"எங்களுக்குத் தொழிற்சாலைல நிக்கணும். நாங்க வந்து பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவோம்."

"உத்தரவாதம் கொடுத்தாத்தான் சார் அது தொழிற்சாலைக்கு வரும்."

"வந்துட்டா உடனே கொடுத்துடறேன்" என்றார் மானேஜர், மனமாரத்தான்.

தினமும் மதியம் அப்பா வீட்டிலிருந்து போன் செய்வார். அவருக்கு ஒரே கேள்விதான். "மெஷின் வந்துச்சா?"

"பாதி வந்துச்சுப்பா."

"பாதி வழி வந்துச்சா?"

"இல்லப்பா. பாதி மெஷின்."

"உன் சித்தப்பா பேனா மூடியைக் கைல வச்சிருந்தானா?"

"ஆமாப்பா."

அப்பா போனை வைத்துவிடுவார். மறுநாள் முதலிலிருந்து கேட்பார்.

எட்டாம் தேதி வரவேண்டிய முன்பாதி, வழியில் கப்பல் வேறொரு துறைமுகத்தில் ஒதுங்கி நின்றதால், பதினாறாம் தேதி வந்தது. பெரியவளுக்கு நிம்மதியில் அன்று சோறு இறங்கியது. இரண்டு பெட்டியும் ஒரே கொட்டகையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் ஒன்று. இனி என்ன?

"இப்ப ரெண்டு பாகம் வந்திருக்கு" என்றார் அதிகாரி.

"ரெண்டும் சேர்ந்தா ஒரே மெஷின் சார்!"

"அதை யார் சொல்றா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொல்லாம யார் சொல்லுவா? ஒரே மெஷின்தான்னு பதிவு பெற்ற பொறியாளர் எழுதிக் கொடுக்கணும்."

பொறியாளரைக் கூட்டி வந்தாள். அவர் இரண்டு பெட்டியையும் சுற்றிச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், பலகை இடுக்கில் டார்ச் அடித்தார். மாட்டிப் பார்க்காமல், ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். போன மாதம் இப்படித்தான் ஒருவர் நம்பிப் போட்டாராம். ஒன்று பிஸ்கட் மெஷினின் பாதி, மற்றது சலவை மெஷினின் பாதி.

"எங்க மாட்டணும்?" என்று கேட்டாள்.

"உங்க தொழிற்சாலைலதான்."

"தொழிற்சாலைக்குக் கொண்டு போகணும்னா?"

"அதுக்குச் சான்றிதழ் வேணும்" என்றார் அதிகாரி.

"சான்றிதழ் வேணும்னா?"

"மாட்டணும்" என்றார் பொறியாளர்.

கொட்டகையில் எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிரீச்சிட்டது. பெரியவள் பத்து நாளாகக் குரலை உயர்த்தவில்லை. இப்போதும் உயர்த்தவில்லை, ஆனால் ஏஜென்ட் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

"சார், உங்க மூஞ்சியும் என் மூஞ்சியும் பார்த்துப் பார்த்து ரெண்டு பேருக்கும் அலுத்துப் போச்சு. எடுத்துட்டுப் போனாத்தானே தப்பு? நான் எடுத்துட்டுப் போகல. இங்கயே பிரிக்கிறேன், இந்தக் கொட்டகைலயே மாட்டுறேன், உங்க கண்ணு முன்னாடி ஓட்டுறேன். கூடாதுன்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னு காட்டுங்க. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வீட்ல மாட்டிக்கிறேன்."

அதிகாரி உண்மையிலேயே புத்தகத்தைப் புரட்டினார். நிதானமாக, எச்சில் தொடாமல், ஒவ்வொரு பக்கமாக. பிறகு மூடினார். "போடல" என்றார். அவர் முகத்தில் முதல் தடவையாக மனிதர்களுக்கு வரும் ஏதோ ஒன்று வந்து போனது. "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

பதினேழாம் தேதி தொழிற்சாலையிலிருந்து ஃபிட்டர் அண்ணன் ஒரு லாரியில் வந்து இறங்கினார். கூடவே காற்று அமுக்கும் கம்ப்ரஸர், ஸ்பானர் பெட்டி இரண்டு, நைலான் முடி ஒரு கட்டு, பிரஷ் பிடி ஐம்பது. துறைமுக வாசலில் காவலர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார். உள்ளே போகும் உள்ளூர்ச் சாமான் எழுதப்படாவிட்டால் வெளியே வரும்போது அது வெளிநாட்டுச் சாமானாகிவிடும். "பிடின்னா என்ன?" என்றார். ஃபிட்டர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "தலைல முடியில்லாத பிரஷ்." காவலர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, 'பிடி - 50' என்று எழுதினார்.

இரண்டு நாள் மாட்டினார்கள். பாதியோடு பாதி பொருந்தியது. போல்ட் ஒன்றுகூடக் குறையவில்லை; பிஸ்கட் இல்லை, சலவை இல்லை. பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் ஏறிடுச்சும்மா. மூணு லைன் கரண்ட் வேணும். இங்க விளக்கு எரியற கரண்ட்தான் இருக்கு."

பெரியவள் அப்படியே மெஷினின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பரிசோதகி ஏற்கனவே விமானத்தில் ஏறியிருப்பாள். தொழிற்சாலைக்குக் கூட்டிப் போவதா, இங்கே கூட்டி வருவதா என்பதைக்கூட இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போது கரண்ட்.

அடுத்த கொட்டகையில் கிரேன் பழுது பார்க்கும் பட்டறை இருந்தது. மூன்று லைனும் இருந்தது. பட்டறைக்காரர் வெளி ஆளுக்குக் கரண்ட் கொடுப்பதில்லை என்று ஏஜென்ட் போய்க் கேட்டுவிட்டு வந்தான். வாடகை கொடுக்கிறோம் என்றும் கேட்டானாம். முறைத்தாராம்.

சித்தப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "நீ போய்க் கேட்டா எப்படிக் கொடுப்பான்? உனக்குக் கேட்கவே தெரியல" என்றார் ஏஜென்ட்டிடம்.

"சித்தப்பா, தயவுசெய்து..."

"இரு."

நாற்பது நிமிடம் ஆயிற்று. எட்டிப் பார்த்தால், சித்தப்பா ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்து பட்டறைக்காரரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சு கரண்ட்டைப் பற்றி இல்லை. பட்டறைக்காரர் கிரேனுக்கு வாங்கிய எஃகு வடத்துக்கு என்ன விலை கொடுத்தார், அதை எப்படிக் குறைத்திருக்கலாம் என்பதைப் பற்றி. பட்டறைக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது சித்தப்பாவின் தோளில் கருப்புக் கேபிள் சுருள் கிடந்தது.

"எவ்வளவுக்குப் பேசினீங்க?" என்றாள் பெரியவள்.

"சும்மா கொடுத்தான். அதுலயும் கடைசியா ஒண்ணு கேட்டேன். இந்த வயரையும் கொடுத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதரை மிதிக்கவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை என்ற எரிச்சலில் அதை அடக்கிக்கொண்டாள்.

இருபதாம் தேதி காலை, விலை குறைந்து மெஷின் இரண்டாகி வந்த கதையைப் பெரியவளிடம் காரிலேயே கேட்டுக்கொண்டு, பரிசோதகி நேராகத் துறைமுகத்துக்கே வந்தாள். உயரமான பெண், தட்டைச் செருப்பு, கையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. எத்தனையோ தொழிற்சாலைகளைப் பார்த்தவள். சாக்கு மூட்டைகளுக்கும் கார் டயர்களுக்கும் நடுவில், சுங்க முத்திரை குத்திய பலகைகளின் மேல் நிற்கும் மெஷினைப் பார்த்ததும் தன் படிவத்தில் 'உற்பத்தி நடக்கும் இடம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கடைசியில் அதைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

ஃபிட்டர் பொத்தானை அழுத்தினார். மெஷின் முதலில் இருமியது. பிறகு சீராகத் தட்ட ஆரம்பித்தது. பிடி உள்ளே போனது, முன்பாதி முடியை நட்டது, வெட்டியது, பிடி கைமாறிப் பின்பாதிக்குப் போனது. அங்கே சின்னச் சின்னச் சாணைக்கற்கள் சுழன்று முனையை மழுக்கின. முதல் பிரஷ் தட்டில் விழுந்தபோது சுமை தூக்குகிறவர்கள்கூட வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். பொறியாளர் "ஒரே மெஷின்தான்" என்றார், என்னவோ தானே பெற்றெடுத்ததுபோல. அதிகாரி மூன்று பேனாவில் நடுப் பேனாவை எடுத்தார்.

பரிசோதகி இருபத்து நான்கு பிரஷ் கேட்டாள். பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பிரஷ் பிரஷாக, முடி முடியாக எண்ணினாள். பெரியவளும் கூடவே மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றாள். நூற்று நாற்பது பேரின் சம்பளமும் ஒரு முடி நுனியில் நிற்கிறது என்று சொன்னால் வெளியாட்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பிரஷ் செய்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது. பத்துக்கு ஏழு. பத்துக்கு எட்டு. எட்டு. ஒன்பது. எட்டு. கடைசிப் பிரஷையும் வைத்துவிட்டு, கூட்டிப் பார்த்து, சராசரி எட்டு என்று பரிசோதகி தலையாட்டினாள். தேறிவிட்டது.

அந்த இருபத்து நான்கையும் தன் கம்பெனிக்கு எடுத்துப் போகவேண்டும் என்றாள். பையில் போட்டுக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். காவலர் தாளை எடுத்தார்.

"கம்ப்ரஸர் ஒண்ணு, இருக்கு. ஸ்பானர் பெட்டி ரெண்டு, இருக்கு. பிடி அம்பது." எண்ணினார். மறுபடி எண்ணினார். "இருபத்தாறுதான் இருக்கு. பாக்கி இருபத்து நாலு எங்க?"

"பிரஷ் ஆயிடுச்சு அண்ணே" என்றார் ஃபிட்டர்.

"என் தாள்ல பிரஷ் இல்லையே. உள்ள போகாத பிரஷ் வெளிய வந்தா அது கப்பல்ல வந்ததுன்னு அர்த்தம்."

"கப்பல்ல வந்தது மெஷின்யா! பிரஷ் இல்ல!"

"மெஷினுக்குச் சீட்டு காட்டுறாங்க. பிரஷுக்கு?"

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். பரிசோதகியின் விமானம் சாயங்காலம். சித்தப்பா காவலரை நோக்கி ஒரு அடி வைத்தார். அவர் வாய் திறக்கும் முன்னால் அதிகாரி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். பிரஷைப் பார்த்தார், பரிசோதகியைப் பார்த்தார், புத்தகத்தை நினைவில் புரட்டினார்.

"இந்தப் பிரஷ் எங்க போகுது?"

"இவங்க நாட்டுக்கு சார்."

"அப்ப இது இறக்குமதி ஆகாது. ஏற்றுமதி." உரிமத்தை வாங்கி, ஆறு வருடத்தில் இத்தனை அனுப்பிக் காட்டவேண்டும் என்ற பக்கத்தைத் திறந்து, முதல் வரியில் எழுதினார்: பிரஷ், இருபத்து நான்கு. "மெஷின் வெளிய போறதுக்கு முன்னாடியே கணக்கு தொடங்கிட்டீங்க. என் சர்வீஸ்ல முதல் தடவை." சொல்லிவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வாசலுக்கு வெளியே, ஏஜென்ட்டின் காரின் முன்பக்கத்தையே மேஜையாக்கி ஆர்டர் ஒப்பந்தம் விரிக்கப்பட்டது. மூன்று வருடம். பெரியவள் இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பரிசோதகியின் முறை. அவள் பேனாவைத் திறந்தாள். மூடியை இடது கையில் பிடித்துக்கொண்டாள். நிறுத்தினாள்.

சித்தப்பாவின் முதுகு நிமிர்ந்தது. அவருக்கு அவள் மொழி தெரியாது. ஆனால் அந்த மூடியைத் தெரியும்.

பரிசோதகி ரொம்ப மென்மையாக, வருத்தத்தோடு சொன்னாள். எல்லாம் திருப்தி. தலைமை அலுவலகத்தில் ஒரே ஒரு விஷயம் கேட்கச் சொன்னார்கள். கடைசியாக, விலையில் ஒரு சின்னக் குறைப்பு.

வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி வளர்ந்த தொழிற்சாலை. பெரியவளின் அப்பாவாக இருந்தால் குறைத்திருப்பார். அவளும் ஒரு வினாடி தலையாட்டத்தான் போனாள். பிறகு, கொட்டகையில் நிற்கும் மெஷினைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பரிசோதகியின் மொழியிலேயே பணிவாகப் பதில் சொன்னாள்.

பரிசோதகி கொட்டகையைப் பார்த்தாள். வெறும் கட்டம் இருந்த தன் படிவத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, இருந்த விலைக்கே கையெழுத்துப் போட்டாள்.

கார் போனதும் சித்தப்பா அவள் பக்கத்தில் வந்து நின்றார். தொழிலில் தன்னை மிஞ்சிய ஆளைப் பார்த்தவரின் மரியாதை முகத்தில் இருந்தது. அது பெரியவளுக்கா, பரிசோதகிக்கா என்று சொல்ல முடியவில்லை.

"குறைச்சுக்கோன்னுதானே கேட்டா?"

"ஆமா."

"நீ என்னம்மா சொன்னே?"

"தாராளமா குறைக்கலாம்னேன்" என்றாள் பெரியவள். "ஆனா பிடி ஒரு கப்பல்ல வரும், முடி இன்னொரு கப்பல்ல வரும்னேன்."